சோர்க்கியின் இரட்டைப் பார்வை

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ரேஞ்ச்ஃபைண்டரை இன்றும் மனசுக்குள் 'தெலெமேத்ர்' என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். தூரமானி. 1956 முதல் 1973 வரை ரஷ்யாவில் செய்த சோர்க்கி-4 கேமரா ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் தூரமானி பிசகிவிட்டது. சென்னையில் ஒரு கடைக்காரர், "அலமாரியில அழகுக்கு வைங்க சார்" என்றார்.

எனக்கோ அவசரம். பக்கத்து வீட்டுக்காரர் தன் பட்டுத் தறியை அடுத்த மாதம் பிரிக்கிறார். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இருட்டறையில் 1 மீட்டரில் நின்று எஃப்/2-இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 5 செ.மீ.தான். தூரமானி பொய் சொன்னால் அவர் முகம் மங்கிப் பின்சுவர் தெளியும்.

கேமராவின் முன்பக்கம் மேல்மூடியில் ஒரு சின்ன மூடுதிருகு. அதைக் கழற்றினால் உள்ளே இன்னொரு திருகு. லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்து, தொலைவில் தெரியும் செல்போன் கோபுரத்தைப் பார்த்தபடி, இரண்டு உருவமும் ஒன்றாகும்வரை அந்தத் திருகைத் துளித்துளியாகத் திருப்ப வேண்டும். உருவங்கள் மேலும் கீழுமாக நின்றால், வட்ட ஜன்னலின் வெளிவளையத்தைக் கழற்றி உள்கண்ணாடியைத் திருப்பலாம்.

பிறகு 1 மீட்டர் சோதனை. லென்ஸ் நுனியிலிருந்து அளக்கக் கூடாது, ஃபிலிம் இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். வெள்ளைச் சுவரில் கறுப்புப் பட்டிழை ஒன்றைத் தொங்கவிட்டேன். இழை தந்தவரே கண்ணை வைத்துப் பார்த்தார். எனக்கு ஒன்றாகத் தெரிந்தது அவருக்கு இரண்டாகத் தெரிந்தது.

"இன்னும் மயிரிழை தள்ளணும் சார்."

தள்ளினேன். கோபுரத்தை மறுபடி பார்த்தோம், அதுவும் ஒன்றாகவே நின்றது. ஃபிலிமில் 36 படம். பாதி அவருக்கும் தறிக்கும்.