கடைசி மூன்று அடிகள்

மொட்டைமாடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்ட நான், நம் பள்ளி மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை திரையிடப்பட்ட 'தி வாக்' என்ற ஆங்கிலப் படத்தைத் தோழியின் கையை இறுகப் பற்றியபடியே பார்த்து முடித்தேன். ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கி 2015-இல் வெளிவந்த இப்படம், பிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக் கம்பிநடைக் கலைஞரின் உண்மைக் கதை.

1968-இல் பல்வலிக்காக மருத்துவரைப் பார்க்கச் சென்ற இளைஞர் பெத்தி, அங்கே கிடந்த ஓர் இதழில் நியூயார்க்கில் எழவிருந்த இரட்டைக் கோபுரங்களின் படத்தைக் காண்கிறார். அன்றே அவர் மனம் அவற்றுக்கிடையே கம்பி கட்டிவிட்டது! 1971-இல் பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயக் கோபுரங்களுக்கிடையே நடக்கிறார். பிறகு, 1974 ஆகஸ்ட் 7 அன்று காலை, தம் 24-ஆம் வயதில், தரைக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் அடியெடுத்து வைக்கிறார். கீழே வலை இல்லை. கையில் ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள கனத்த கழி ஒன்றுதான். நீண்ட கழி உடல் சாயும் வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்துகொள்ள அவகாசம் தருகிறதாம். நம் ஊர்த் தெருக்களில் கழைக்கூத்தாடும் சிறுமி கையில் ஏந்தும் மூங்கிலுக்கும் இதுவே காரணம் என்று அன்று புரிந்தது.

சுமார் 45 நிமிடங்கள் அவர் கம்பியின் மேலேயே இருந்தார். நடந்தார், மண்டியிட்டார், மல்லாந்து படுத்தார். இரு முனைகளிலும் காவலர்கள் காத்து நின்றனர். கைது செய்யப்பட்டவருக்குக் கிடைத்த 'தண்டனை', குழந்தைகளுக்கு இலவசமாக வித்தை காட்டவேண்டும் என்பதே!

அந்தக் கோபுரங்கள் 2001 செப்டம்பர் 11 அன்று தகர்க்கப்பட்டன. படம் அதைச் சொல்லவில்லை. கோபுரங்கள் ஒளிர்ந்து மறைவதோடு முடிகிறது. விளக்குகளைப் போட்ட பிறகும் சற்றுநேரம் எவரும் எழவில்லை.

"அனுமதியின்றி, உயிரைப் பணயம் வைத்து அவர் செய்தது சரியா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. "கடவுள் தந்த உயிரோடு விளையாடலாமா?" என்றாள் ஒருத்தி. "கடவுள் தந்த திறமையைப் புதைத்து வைக்கலாமா?" என்றாள் மற்றொருத்தி. என்னால் எந்தப் பக்கமும் பேச முடியவில்லை. என் நினைவெல்லாம் அப்பாவிடமே இருந்தது.

என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். புயல் இரவுகளில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அவர் திரும்பும்வரை அம்மாவின் கையில் ஜெபமாலை உருண்டுகொண்டே இருக்கும்.

அன்று மாலை அப்பாவிடம் கதை முழுவதையும் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "அந்தக் கம்பி முறுக்கிக்காம இருக்க என்னம்மா பண்ணினாங்க?" என்று கேட்டார். பக்கவாட்டில் கயிறுகள் இழுத்துக் கட்டியதைச் சொன்னதும், "அப்படியானால் தொழில் தெரிஞ்சவன்தான்" என்று தலையசைத்தார்.

"உங்களுக்குப் பயமே இல்லையாப்பா?"

"ஏறும்போது பயம் கூடவே வரும்மா. அதுதான் பெல்ட்டை மாட்டவைக்கும், லைன் கிளியர் வாங்கினோமான்னு ரெண்டு தடவை கேட்கவைக்கும். வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு இறங்கறபோது, அந்தப் பயம் நம்மைவிட்டுப் போயிடும். அப்பத்தான் கால் தவறும்."

எனக்கு உடல் சிலிர்த்தது. படத்தில் முதிய ஆசான் பாப்பா ரூடி கற்பிப்பதும் இதுவேதான்! கம்பியின் கடைசி மூன்று அடிகளில்தான், வந்து சேர்ந்துவிட்டோம் என்ற எண்ணத்தில்தான், பலர் உயிரை விடுகின்றனர் என்பார் அவர். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கம்பி இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லியிருக்கிறது.

சிஸ்டரின் கேள்விக்கு இன்றும் என்னிடம் முழு விடை இல்லை. ஒருவர் அழகுக்காக ஏறினார். என் அப்பா பிறர் வீட்டு விளக்குக்காக ஏறுகிறார். ஆனால், தோழியரே, தேர்வில் பத்து நிமிடம் முன்பே விடைத்தாளை மூடிவைக்கும் என் பழக்கம் அன்றோடு போயிற்று.

சென்ற மழைநாளில் அப்பா கிளம்பியபோது வாசல்வரை ஓடினேன். "பார்த்து ஏறுங்கப்பா" என்பதுதான் என் வழக்கம். அன்று, "பார்த்து இறங்குங்கப்பா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.