லயத்து வீட்டுச் செபமாலை

"எல்லாச் சாமியும் ஒண்ணுதானே மாமா, எதுக்கு ஞானஸ்நானம், பூசை எல்லாம்?" கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு நத்தாருக்கு ஊர் வரும் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். தாராளமாகக் கேட்கட்டும். அதட்டி வாயை மூட வைத்தால் விசுவாசம் வளராது. ஆனால் பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

இயேசு உண்மையாகவே உயிர்த்தார் என்பதை விட்டுக்கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் நல்ல புத்திமதியாக வைத்துக்கொள்ள முடியாது. அவர் கடவுளா, படைப்பா என்று 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி வாதாடினார்கள். அங்கே வேரூன்றிய விசுவாசப் பிரமாணத்தைத்தான் நம் தோட்டத்துச் சிற்றாலயங்களிலும் சொல்கிறோம்.

எனக்கு அதைச் சொல்லித் தந்தது அம்மா. கொழுந்துக் கறை படிந்த கறுத்த விரல்களில் செபமாலை உருளும், அடுப்பில் சோறு கொதிக்கும், தூங்கி விழுந்தால் தோளில் ஒரு தட்டு. இப்போது அந்த நேரத்தை டிவி நாடகமும் போனும் எடுத்துக்கொண்டன. நம் வீடுகளில் விசுவாசம் தளர்ந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பழைய விசுவாசம் என்றால் மனம் குறுகியது என்பவர்கள் லியோ நாணயக்கார ஆண்டகையைப் பார்க்கட்டும். 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயர் பதவியை விட்டு ஊவாவுக்கு வந்தவர் அவர். சிங்களவர். 1982இல் இறக்கும்வரை ஏழைகளின் பக்கம் நின்றார். வேதத்தை இறுகப் பிடித்ததால்தான் அவருக்கு அது முடிந்தது.

இந்தத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் செபமாலை, பிறகு பிள்ளைகளின் கேள்விகள். கோயிலுக்குப் போகும் சைவப் பிள்ளைகளும் வரலாம். தேத்தண்ணி உண்டு.