2035

திங்கள், அதிகாலை

சனிக்கிழமை ராத்திரி, வங்கியின் செய்திகளை வரிசையில் (க்யூ) வைத்துக் கடத்தும் எம்க்யூ மென்பொருளைப் புது சர்வருக்கு மாற்றினோம். வங்கியின் பட்டுவாடாச் செய்தி ஒன்றுகூட க்யூவில் ஏறவில்லை. எங்கும் 2035: அனுமதி இல்லை. வெளியே நிற்பவருக்கு அந்த எண் மட்டும்தான் கிடைக்கும். காரணத்தை க்யூ மேனேஜரின் எர்ரர் லாகில் தேட வேண்டும்.

இத்தனை வருஷமாகப் பட்டுவாடா அப்ளிகேஷன் ‘எம்க்யூஎம்’ என்ற நிர்வாகிப் பெயரில் வந்து போயிருக்கிறது. பாஸ்வேர்டு கேட்பாரில்லை. 7.1 பதிப்பு (2011) முதல், புதிதாக உருவாக்கும் க்யூ மேனேஜர் அப்படி வருகிற கிளையண்டைத் தானாகவே தடுக்கும். பழையதைப் பதிப்பு மட்டும் உயர்த்தினால் அந்தச் சேனல் விதி அமலுக்கு வராது. எங்கள் பழைய சர்வரில் இருப்பது அந்த வகை.

இப்போதைக்குப் பழைய சர்வருக்கே திரும்பியாயிற்று. நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் அந்தப் பெயரைச் சொல்லி உள்ளே வரலாம் என்று தெரிந்த பிறகு எப்படித் தூங்குவது?

செவ்வாய்

அப்பாவுக்கு வலது கை இன்னும் நடுங்குகிறது.

புதன்

“விதியை ஆஃப் பண்ணிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள். மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, அதில் வருத்தமில்லை.

புதுப் பயனர் பெயர் வேண்டும். லினக்ஸில் 12 எழுத்துக்கு மேல் எம்க்யூ ஏற்காது, மெயின்பிரேமில் 8. அதனால் எட்டுக்குள் வைத்தோம். வருகிறவர் சொல்லும் பெயரைப் பார்க்காமல், டிஎல்எஸ் சான்றிதழைப் பார்த்து இந்தப் பெயரைக் கொடுக்கும்படி விதி எழுதினேன். அதற்கு அனுமதி இரண்டே க்யூவுக்கு. ஒன்றில் போட, ஒன்றில் எடுக்க.

வெள்ளி

அப்பாவை வங்கிக் கிளைக்கு அழைத்துப் போனேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. அதிகாரி இருபது வருஷப் பழக்கம். “அய்யாவைத் தெரியாதா தம்பி எனக்கு? ஆனா இத வச்சுப் பணம் குடுக்க முடியாது. சாட்சியோட வீட்டுக்கு வர்றேன், கைநாட்டு வாங்கிக்கிறேன்.” எனக்கு ஆத்திரம். மருந்துக்கடைப் பாக்கி நிற்கிறது.

பாரதியார் சாலையில் ஆட்டோ திரும்பும்போது அப்பா சொன்னார்: “பேரச் சொன்னதும் குடுத்திருந்தா கணக்க மூடிட்டு வந்திருப்பேன்.”

மாங்கனித் திருவிழா

தெருவெல்லாம் கூட்டம். மாடிகளிலிருந்து மாம்பழம் விழுகிறது. அதிகாரியால் இன்று வர முடியாது.

சனி, நள்ளிரவு

மாற்றிவிட்டோம். பட்டுவாடா ஓடுகிறது. ஆனால் பத்து நிமிஷத்துக்கொரு தரம் ஒரு 2035. யாரோ ‘எம்க்யூஎம்’ என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டுகிறார்கள். அந்த ஐபி முகவரி யாருடையது என்று குழுவில் எவருக்கும் தெரியவில்லை. திறந்துவிடச் சொல்லி இரண்டு பேர் கேட்டாயிற்று. திறக்கவில்லை. திங்கட்கிழமை சொந்தக்காரர் கூப்பிடட்டும்.