இலையைத் திருப்பிப் பாருங்கள்

லண்டன், ஜூலை



ஜூலை பிறந்தால் இங்கே வீட்டு வாசல்களில் ஹைட்ரேஞ்சியா பூத்துத் தள்ளுகிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வேலியோரம் நீலமும் இளஞ்சிவப்புமாக உருண்டை உருண்டையாய்ப் பூத்து நிற்குமே, அதே செடிதான். பூ வந்த கையோடு அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரு கேள்வியும் வந்துவிடும்: "இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, மேல கறுப்பாப் படியுது. என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்து இருக்கட்டும், முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

பிசுக்கு நோயல்ல, சாறு உறிஞ்சும் பூச்சிகளின் கழிவு. செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, பூச்சி வளரத் தேவையான அமினோ அமிலங்களோ சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக அது ஓயாமல் குடிக்கிறது, மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறது. அது கீழே உள்ள இலையின் மேல் விழுகிறது. ஆகவே ஒட்டுகிற இலையின் மேற்பரப்பில் தேடிப் பயனில்லை. அதற்கும் மேலே உள்ள இலைகளின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பார்க்க வேண்டும். எறும்பு வரிசை தண்டில் ஏறினால் அதன் பின்னாலேயே போங்கள், நேரே இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

கறுப்பாகப் படிவது அந்தச் சர்க்கரையில் வளரும் பூஞ்சை. ஈரவிரலால் தேய்த்தால் வந்துவிடும். தேய்த்தும் போகாத ஊதா, பழுப்புப் புள்ளிகள் என்றால் அது இலைப்புள்ளி நோய், அதன் கதை வேறு.

திருப்பிப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லையா? அண்ணாந்து பாருங்கள். லண்டன் தெருக்களில் வரிசை வரிசையாக நிற்கும் லிண்டன் மரங்களில் கோடையில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி அப்பிக் கிடக்கும். அடியில் நிறுத்திய காரின் கண்ணாடிகூடப் பிசுக்காகிவிடும். மரத்தடியில் நிற்கும் செடிக்கு மருந்து தெளித்து என்ன ஆகப்போகிறது? அவ்வப்போது இலையைக் கழுவிவிட்டால் போதும்.

இதைப் படிக்கும் பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தென்னந்தோப்பு நினைவுக்கு வந்திருக்கும். 2016-ல் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அங்கேதான். ஓலைக்கு அடியில் ஈ, கீழே ஊடுபயிர் வாழையில் பிசுக்கு, அதன்மேல் கரும்படலம். பூச்சிக்கொல்லியைத் தவிர்த்து, என்கார்சியா என்னும் கடுகினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பாற்றச் சொன்னார்கள் வேளாண் அறிஞர்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சச் சொன்னார்கள். கறுப்புக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசை. காய்ந்து உரியும்போது கரும்படலத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் இது.

ஹைட்ரேஞ்சியாவுக்கும் அதே நியாயம்தான். இளந்தளிரில் பச்சையும் கறுப்புமாக மெத்தென்ற பூச்சிகள் மொய்த்தால் அது அசுவினி. காலையில் ஹோஸ் பைப்பால் இலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள், சில நாள் விட்டு மறுபடியும். அதற்கும் அடங்காவிட்டால் பூச்சிகளுக்கான சோப்புக் கரைசல். அது பூச்சியின் உடம்பில் பட்டால்தான் வேலை செய்யும் என்பதால் இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். உச்சிவெயிலில் வேண்டாம், இலை கருகும். உரத்தையும் குறையுங்கள், தழைச்சத்து கூடினால் தளிர் கொழுத்து அசுவினியை அழைக்கும்.

கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை போல ஊரும் புழுவைக் கண்டால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் பிள்ளை. அசுவினியைத் தின்று தீர்ப்பதே அதன் வேலை. செடிக்குள் ஊடுருவும் மருந்தை நான் எதிர்ப்பதும் இதனால்தான். நியோனிகோட்டினாய்டு வகை மருந்துகள் பூச்சியின் கழிவான அந்தப் பிசுக்கிலும் கலந்து, அதைக் குடிக்க வரும் சிர்ஃபிட் ஈக்களையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் கொல்வதை 2019-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அசுவினியைத் தின்னப் பிறந்தவற்றை நாமே கொன்றுவிட்டால், அடுத்த கூட்டத்தை யார் தின்பது?

தண்டிலும் இலையடியிலும் வெள்ளைப் பஞ்சு முட்டை வடிவில் ஒட்டியதுபோல் இருந்தால், அது செதில்பூச்சியின் முட்டைப்பை. இதுதான் பிடிவாதக்காரன். வளர்ந்த பூச்சி மெழுகுக்குள் இருப்பதால் தண்ணீரும் சோப்பும் எட்டாது. கோடைத் தொடக்கத்தில், முட்டை பொரிக்கும் முன்பே பழைய டூத் பிரஷால் பஞ்சைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். தவறவிட்டவர்கள் நடுக்கோடையில் குஞ்சுகள் ஊரும்போது சோப்புக் கரைசல் தெளிக்கலாம், அப்போது அவற்றின் உடம்பில் மெழுகு அவ்வளவாக இருக்காது. இலை உதிர்ந்த குளிர்காலத்தில் தோட்ட எண்ணெயைத் தண்டில் படும்படி தெளித்தால், அங்கே ஒண்டியிருக்கும் குஞ்சுகள் மூச்சடைத்துச் சாகும்.

பூச்சி பிடித்த கிளைகளை மொட்டையடித்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு மோசமான தண்டை அடியோடு வெட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். உருண்டைப் பூ வகை, அடுத்த ஆண்டுக்கான மொட்டை இந்த ஆண்டுத் தண்டிலேயே கட்டிவிடுகிறது. காய்ந்த பூக்கொத்தைக்கூட வசந்தம் வரை விட்டுவைத்தால், கீழே உள்ள மொட்டுக்கு உறைபனியிலிருந்து அது காவலாக இருக்கும்.