முன்பணமும் பிணையும்

கொடுக்கல் வாங்கல் இரு வகைப்படும். பொருளைக் கண்ணாற் கண்டு, கையாற் பற்றிப் பார்த்து, விலையைக் கொடுத்து வாங்குவது ஒன்று. இனிமேல் வரப்போகும் பொருளுக்கு இன்றே விலையைக் கொடுத்துவிட்டு, அது வரும் வழியை நோக்கியிருப்பது மற்றொன்று. முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்குப் பணத்தோடு நம்பிக்கையும் வேண்டும். இவ்வுண்மையை யாம் ஏட்டிற் கற்கவில்லை. சென்ற பருவத்தில் ஒரு சிறு கருவியை முன்பதிவு செய்து, அதன் விலையைச் செலுத்த மாட்டாமல் மூன்று நாள் அலைந்து, இறுதியில் எம் அறைத் தோழருக்குத் தலைகுனிவை உண்டாக்கிய பின்னரே கற்றோம். அவ்வரலாறு பிறருக்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இங்கு எழுதத் துணிந்தோம்.

முன்பதிவு என்பது இக்காலத்துப் புதுமை என்று கருதுவாரும் உளர். 19ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல்களை அச்சிட முற்பட்ட பெரியோர், நூல் வெளிவருமுன்னரே அன்பர்களிடம் கையொப்பம் பெற்று, அவர் உதவிய பொருளைக் கொண்டு காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் வழி தேடினர். 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கள் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பும் கையொப்பஞ் செய்தாருடைய துணையோடு வெளிவந்ததேயாம். காணாத நூலுக்குப் பணம் ஈந்த அவ்வன்பர்கள், ஆசிரியருடைய சொல்லையே நம்பினர்.

எல்லா வணிகரையும் அவ்வாறு நம்புதல் இயலாது. ஆதலின் இடையில் ஒருவர் நிற்க வேண்டியதாயிற்று. 1877ஆம் ஆண்டில் இந்நாட்டுத் தபால் இலாகா வி. பி. பி. என்னும் முறையைத் தொடங்கிற்று. தபாற்காரர் புத்தகக் கட்டைக் கொண்டுவருவார். விலையைக் கொடுத்தால் கட்டு நம் கைக்கு வரும். பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும். எம் பாட்டனார் தம் நூல்களுட் பலவற்றை இவ்வாறே சென்னையிலிருந்து வரவழைத்தார். விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவருக்கும் நடுவே தபால் இலாகா பிணையாக நின்றது. பிணை என்னும் இச்சொல்லை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இனி எம் வரலாற்றைக் கூறுவோம். பழம்பதிப்புகள் பல இக்காலத்தில் படம்பிடிக்கப்பெற்று இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் கைப்பேசியின் சிறு திரையிற் படித்துப் படித்து எமக்குக் கண்ணெரிச்சலும் தலைவலியும் மிகுந்தன. காகிதம் போன்று கண் கூசாத திரையுடைய கையடக்கப் படிப்புக் கருவி ஒன்றை ஒரு நிறுவனத்தார் விற்கப்போவதாக அறிந்து, எம் பெயரைப் பதிவு செய்தோம். பெயரைப் பதிவு செய்யக் கட்டணமில்லை. முறை வந்ததும் கடிதம் வரும். வந்த மூன்று நாளுக்குள் விலை முழுவதையும், அதாவது 8,500 ரூபாயையும், செலுத்திவிட வேண்டும். கருவியோ அதன்பின் ஆறு வாரங் கழித்து வரும். தவறினால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். விடுமுறையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திச் சேர்த்த பணம் எம் வங்கிக் கணக்கில் இருந்தது. ஆதலின் கடிதம் வந்த திங்கட்கிழமையன்று யாம் கவலை ஏதுமின்றி டெபிட் கார்டை எடுத்தோம்.

கார்டு செல்லவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. 2020ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கியின் ஆணை நடைமுறைக்கு வந்தது முதல், புதிதாக வழங்கப்படும் கார்டு ஏ.டி.எம்.மிலும் கடைகளில் உள்ள இயந்திரத்திலும் மட்டுமே தானாகச் செல்லும். இணையத்தில் செலுத்த வேண்டுமாயின் உடையவர் தாமே அவ்வழியைத் திறந்துவிடுதல் வேண்டும். திருடர்க்கு அஞ்சி இட்ட தாழ் அது. வீட்டுக்காரராகிய எமக்கே அத்தாழ் இருப்பது தெரியாமற் போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஏ.டி.எம்.முக்குச் சென்று அவ்வழியைத் திறந்தோம். இப்பொழுது வேறோர் இடர் நேர்ந்தது. எம் கணக்கு, யாம் பள்ளிச் சிறுவராயிருந்த காலத்தில் தந்தையார் தொடங்கியது. அதிற் பதிந்திருப்பது அவருடைய கைப்பேசி எண். எனவே ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண் தூத்துக்குடி உப்பளத்தில் நின்றுகொண்டிருந்த அவருக்கே சென்றது. அவரை அழைத்து, வந்த எண்ணைச் சொல்லுமாறு வேண்டினோம். அவர் பொத்தான் கைப்பேசியை உற்று நோக்கி, "ஒருவருக்கும் சொல்லாதே என்றல்லவா இதில் எழுதியிருக்கிறது, தம்பி?" என்றார். அவர் கூறியதிற் பிழையில்லை. கணக்கு எம்முடையதே என்று அவரைத் தெளிவித்து, அவரும் ஆறு இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து முடிப்பதற்குள் அவ்வெண்ணின் ஆயுள் முடிந்துவிட்டது. அவர் மீண்டும் வேலைக்குச் சென்றுவிட்டமையால் அன்று வேறு முயற்சி செய்ய இயலவில்லை.

புதன்கிழமை மூன்றாம் நாள். பிற்பகலில் தந்தையார் உணவு கொள்ளும் நேரம் பார்த்து அழைத்தோம். இம்முறை எண் காலத்தில் வந்தது. யாமும் விரைந்து பதித்தோம். திரையில் ஒரு சக்கரம் நெடுநேரம் சுழன்று நின்றது. பின்னர், பணம் செலுத்தப்படவில்லை என்னும் சொற்கள் தோன்றின. அதே வேளையில் தந்தையார் அழைத்து, 8,500 ரூபாய் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டதாகச் செய்தி வந்திருப்பதைக் கூறினார். எம்மிடத்தும் பணம் இல்லை, விற்பவரிடத்தும் இல்லை. நடுவழியில் எங்கோ நின்றுவிட்டது. தவணை முடிய மூன்று மணி நேரமே இருந்தது. நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்தோம், மறுமொழி கிடைக்கவில்லை.

அப்பொழுதுதான் யாம் அந்தப் பிழையைச் செய்தோம். எம் அறைத் தோழர் கணிதம் பயில்பவர், கடற்கரையூரினர். அவருடைய பருவக் கட்டணத்துக்காக, அவர் தமையனார் ஆழ்கடலில் மீன்பிடித்துப் பெற்ற பங்கிலிருந்து அனுப்பிய பணம் அவர் கணக்கில் இருந்தது. சனிக்கிழமை கட்டணத்துக்குக் கடைசி நாள். எம் முகத்தைக் கண்டு அவர் செய்தியைக் கேட்டறிந்தார். "சனிக்கிழமை வரை நாள் இருக்கிறதே, எடுத்துக்கொள்," என்றார். "நாளையே திருப்பித் தந்துவிடுவோம்," என்றோம் யாம். அவர் தம் கைப்பேசியில் யு.பி.ஐ. வழியே ஒரு நொடியில் விலையைச் செலுத்தினார். கருவி எமக்கு உறுதியாயிற்று. அன்றிரவு யாம் நன்கு உறங்கினோம்.

வியாழக்கிழமை காலை வங்கிக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் பொறுமையுடன் விளக்கினார். 2019ஆம் ஆண்டு செப்டெம்பர்த் திங்களில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி ஒன்று உண்டு. இணைய வழியிற் கார்டு கொண்டு செலுத்துங்கால், பணம் கழிக்கப்பட்டும் விற்பவர்க்கு உறுதி சென்று சேராவிடின், அப்பணம் அந்நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகவே திரும்பி வருதல் வேண்டும். அதற்கு மேற் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு கொடுத்தல் வேண்டும். "திங்கட்கிழமைக்குள் வந்துவிடும், அஞ்ச வேண்டா," என்றார் அவர். எமக்கோ அஞ்சுவதற்குரிய காரணம் அப்பொழுதுதான் தோன்றியது. புதனோடு ஐந்து நாளைக் கூட்டினால் திங்கள். தோழருடைய கடைசி நாளோ சனி. 'நாளையே தருவோம்' என்று யாம் கூறியது எந்த விதியைப் பார்த்து?

வெள்ளியும் சனியும் பணம் திரட்ட முயன்றோம். தந்தையார் தம் வாரக் கூலியிலிருந்து அனுப்பியதும், நண்பர் சிலர் கொடுத்ததும் சேர்ந்து 3,000 ரூபாயைத் தாண்டவில்லை. கட்டணத்தைப் பகுதி பகுதியாகப் பெறுதல் அலுவலகத்து வழக்கமன்று. தோழரோ எம்மை ஒரு முறையேனும் கேட்டாரல்லர். கேட்டிருந்தால் எம் மனம் சிறிது ஆறியிருக்கும். திங்கட்கிழமை காலையில் அறிவிப்புப் பலகையில் கட்டணம் செலுத்தாதோர் பட்டியல் ஒட்டப்பட்டது. மூன்றாவதாக அவர் பெயர் இருந்தது. அவர் அதனை ஒரு முறை பார்த்துவிட்டு, வழக்கம்போல வகுப்புக்குச் சென்றார்.

அன்று நண்பகலில் தந்தையார் அழைத்து, பணம் திரும்பிவிட்டது என்றார். உடனே எடுத்துச் சென்று கட்டணத்தையும், தாமதத்துக்குரிய 200 ரூபாயையும் செலுத்தினோம். வங்கியார் தமக்கு விதித்த தவணையை மீறவில்லை. மீறியவர் யாமே. செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்துக்கு உரை எழுதி நன்மதிப்பெண் பெற்றிருந்த எமக்கு, அதன் பொருள் அந்தப் பலகையின்முன் நின்றபொழுதுதான் விளங்கியது.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட கணினித் துறை மாணவர் ஒருவர், இதனினும் பெரியதொரு வரலாற்றைக் கூறினார். பாண்டோரா என்பது சட்டைப்பையில் அடங்கத்தக்க ஒரு சிறு கணினி. தட்டெழுத்து விசைகளும், விளையாட்டுக்குரிய பொத்தான்களும், 4.3 அங்குலத் தொடுதிரையும் உடையது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இருந்த ஆர்வலர் சிலர், பெரிய முதலாளிகளின் துணையின்றி அதனைச் செய்ய முனைந்து, 2008ஆம் ஆண்டில் முன்பதிவு தொடங்கினர். வாங்குவோர் கொடுக்கும் பணமே செய்வதற்குரிய முதல். ஆனால் கார்டு வழியாக வந்த பணத்தைக் கையாளுவோர், நெடுநாட்குப் பின் வரப்போகும் பொருளுக்கு முன்னரே விலை பெறுவதை ஏற்க மறுத்தனர். கார்டினாற் செலுத்தியவர்க்குப் பணம் திருப்பி அளிக்கப்பட்டது. விரும்பியவர் தம் வங்கியிலிருந்து நேரே விற்பவர் கணக்குக்கு மீண்டும் அனுப்பினர். கருவிகள் 2010ஆம் ஆண்டிற்றான் வெளிவரத் தொடங்கின. சிலர் அதற்குப் பின்னும் நெடுங்காலம் காத்திருந்தனர்.

கார்டு நிறுவனத்தார் ஏன் மறுத்தனர் என்று வினவினோம். அவர் கூறிய விடை எம் சிந்தையைத் தெளிவித்தது. கார்டினால் விலை கொடுத்தவருக்குப் பொருள் வந்து சேராவிடின், அவர் தம் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அப்பொழுது விற்றவருடைய வங்கி அதனை அளித்தல் வேண்டும். விற்றவர் அதற்குள் பணத்தைச் செலவழித்திருந்தால் அவ்வங்கிக்கே நட்டம். ஒரு வாரத்தில் வரும் பொருளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஈராண்டு கழித்து வருமென்றால், அந்த ஈராண்டும் வங்கி பிணையாக நிற்க வேண்டும். நேரே பணம் அனுப்பினோர்க்கு அத்தகைய பிணை இல்லை. அவர்கள் முகமறியாதவருடைய சொல்லை மட்டும் நம்பினார்கள், பழைய கையொப்பக்காரரைப் போல.

ஆகவே, வி. பி. பி. முறையில் தபால் இலாகா நின்ற இடத்திற்றான் இன்று கார்டு நிற்கிறது. கார்டு தவறும்பொழுது பிணை நின்றவர் சிறிது நேரம் விலகிக்கொள்கிறார். அவ்வேளையில் அவ்விடத்தை யார் நிரப்புகின்றார் என்பதைக் காண வேண்டும். எம் திறத்தில் அதனை நிரப்பியவர் எம் தோழர். வங்கி ஐந்து நாட் தவணையும், அது தவறினால் ஈடும் வைத்துக்கொண்டு பிணை நிற்கிறது. அவர் ஒரு தவணையும் கேட்கவில்லை, ஈடும் கேட்கவில்லை. அவ்வாறு கேளாதவரிடத்திற்றான் கேட்பாரினும் மிகுந்த விழிப்போடு நாம் நடந்துகொள்ளுதல் வேண்டும்.

எம்மைப் போன்ற மாணவர்க்குச் சில சொல்லி முடிப்போம். முன்பதிவு செய்த அன்றே, இணையத்திற் செலுத்தும் வழி கார்டில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓ.டி.பி. யாருடைய எண்ணுக்குச் செல்லும் என்பதை அறிந்து, வேண்டுமாயின் வங்கிக்குச் சென்று மாற்றிக்கொள்ளுங்கள். தவணையின் கடைசி நாளுக்குக் காத்திராதீர்கள். பணம் கழிந்தும் உறுதி வாராவிடின், அந்நாளோடு ஐந்தைக் கூட்டிப் பார்த்து, அதுவரை அப்பணம் இல்லையென்றே எண்ணுங்கள். பிறர் பணத்தைக் கொண்டு மறுமுறை செலுத்துமுன், அவர்க்கு அது என்று தேவை என்பதைக் கேளுங்கள். அந்நாள் முந்துமாயின் கருவியை விட்டுவிடுங்கள். முறை மற்றொரு நாள் வரும்.

ஆறு வாரங் கழித்துக் கருவி வந்தது. கட்டைப் பிரிக்குமாறு தோழரிடமே கொடுத்தோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டறிந்து, தம் கணித நூல் ஒன்றை அதில் ஏற்றிப் படிக்கலானார். வாரத்தில் மூன்று நாள் அஃது அவரிடத்தும், மற்றை நாள் எம்மிடத்தும் இருக்கிறது. 8,500 ரூபாய்க் கடன் தீர்ந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் இரண்டு மணி நேரம் இருந்த பெயருக்கு யாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.