உப்புக் கணக்கு

"சுற்றுச்சூழல் படிச்சா என்ன சார் வேலை? பி.காம். சேரச் சொல்லி நீங்களே சொல்லுங்க!" மதுரை அண்ணா நகர் நண்பர் அழைத்திருந்தார். போனேன்.

மகள் கண்ணாடித் தொட்டியைக் காட்டினாள். ரூபாய்க் காசு அகலத்தில் இரண்டு கடல் சாமந்திகள். பெயர்தான் பூ, கிட்டே வரும் குட்டி இறாலைக் கொட்டி மயக்கி விழுங்குகிற பிராணி.

"லிட்டருக்கு 35 கிராம் உப்பு அங்கிள். நம்ம ஊர் வெயில்ல தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது. குறைஞ்சதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்." தினமும் அளந்து நோட்டில் எழுதியிருந்தாள். என் லெட்ஜர்கூட அத்தனை சுத்தமில்லை!

"எத்தனை நாள் தாங்கும்?"

"ஸ்காட்லாந்துல டேலியல்னு ஒரு வக்கீல் 1828-ல பிடிச்சது, 1887 வரைக்கும் இருந்துச்சு. அவர் செத்தப்புறமும்!"

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மண்டபம் மீன்வள ஆராய்ச்சி மையம், தொழிற்சாலைகள்... வேலை உண்டு. இடம் கம்மி. அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

வாசலில் நண்பர் கேட்டார்: "சொல்லிட்டீங்களா?"

"எங்கப்பா சொல்லி பி.காம். படிச்சவன் சார் நான். ஒருநாள்கூட கணக்கெழுதிப் பிழைச்சதில்லை" என்றேன். காபி வரவில்லை.