சேதி வந்த நேரம்

மழைக்காலத்தில் விழுப்புரம் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற சேதி பண்டசோழநல்லூர் கைப்பேசிகளிலும் வந்து விழும். ஊரோ புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை அப்படி. தமிழ்நாட்டு நிலத்துக்கு நடுவே துண்டு துண்டாகப் புதுச்சேரி. சாலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு விடுமுறை, இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். யார் அறிவித்தது, எந்த ஊருக்கு, எந்தத் தேதிக்கு என்று விசாரிக்காமல் இங்கே ஒரு சேதியையும் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படி விசாரித்தே எழுதியவர் ஒருவர் இதே புதுச்சேரியில் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761 ஜனவரியில் இறக்கும்வரை அது நீண்டது. ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை என்று குறிப்புகள் பெரும்பாலும் ஒழுங்காகத் தொடங்கும். பல இடங்களில் மணியும் இருக்கும். கப்பல் வந்தால் எத்தனை பீரங்கி முழங்கியது என்று எண்ணி எழுதுவார். கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு என்ற கணக்கு அவரிடம் உண்டு. கேட்டதென்றால் சொன்னவர் பெயரும் பெரும்பாலும் கூடவே வரும்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னப்பட்டணத்தைப் பிடித்தபோது புதுச்சேரிக்குச் சேதி ஓலைகளாகவும் கடிதங்களாகவும் ஆள்வழிப் பேச்சாகவும் வந்து சேர்ந்தது. பிள்ளையின் பக்கங்களில் அது வந்த வரிசையிலேயே நிற்கிறது. கவர்னர் துப்ளெக்ஸோடு நடந்த பேச்சை, அவர் கேட்டது, தாம் சொன்னது, அவர் முகம் மாறியது என்று நீள நீளமாக எழுதுகிறார். படிப்பவருக்கு நிகழ்ச்சியும் தெரிகிறது, அந்த நிகழ்ச்சியை ஊர் எப்படிப் புரிந்துகொண்டது என்பதும் தெரிகிறது. துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவருக்குச் சொந்த லாபங்களும் பகைகளும் இருந்தன. எழுத்தில் அவையும் மறையவில்லை. ஆனாலும் எந்த இடத்தில் அவரைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கான தடயத்தை அவரே விட்டுவைக்கிறார். இதைவிடப் பெரிய நேர்மையைச் செய்தி எழுதுகிறவரிடம் கேட்க முடியாது. மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து அகநி வெளியிட்ட 12 தொகுதிகளுக்கு ‘தினப்படி சேதிக்குறிப்பு’ என்றே பெயர்.

இன்றைய வாட்ஸப் ஃபார்வர்டுக்குத் தேதி கிடையாது. ஐந்து வருடத்துக்கு முந்தைய வெள்ளப் படம் நேற்றைய படமாகிவிடுகிறது. யூடர்ன் போன்ற உண்மை சரிபார்க்கும் தளங்கள் அந்தப் படம் முதலில் எப்போது, எங்கே வெளிவந்தது என்று தேடிச் சொல்வது மிகவும் வேண்டிய வேலை. ஆனால் பொய்யைக் கழித்துவிட்டால் மட்டும் நல்ல செய்தி கிடைத்துவிடுவதில்லை.

ஓர் உதாரணம்: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடிவரை தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை பெருகிப் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். திறப்பது தமிழ்நாடு அரசு. நனைந்தவற்றில் புதுச்சேரி வீடுகளும் உண்டு.

எச்சரிக்கை போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள்; முறைப்படி எச்சரித்தோம் என்றது தமிழ்நாடு அரசு. யூடியூப் விவாதங்களில் இரண்டு தரப்பும் சத்தம் போட்டன. எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள், அறிவிப்பு எந்த அலுவலகத்திலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனது, மாநில எல்லையைத் தாண்டி பாகூர் கொம்யூனுக்கு எப்போது வந்தது என்று மணிவாரியாக அடுக்கிப் பார்த்தாலே பாதி வாதம் தீர்ந்துபோகும். அப்படி அடுக்குவதற்கு இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பத்திரிகையாளர் சமஸ் 2021-இல் தொடங்கிய அருஞ்சொல் இணைய இதழ், நீண்ட கட்டுரைகளுக்கும் தமிழில் வாசகர் உண்டு என்று காட்டியது. மழை எங்கே, ஏன் பெய்கிறது என்று தமிழ்நாடு வெதர்மேன் விளக்குவதை எத்தனையோ பேர் பொறுமையாகப் படிக்கிறார்கள். அணையைப் பற்றியும் படிப்பார்கள்.

சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருவதும் இதே தென்பெண்ணைத் தண்ணீர்தான். சாத்தனூரில் மதகு தூக்கினால் சொர்ணாவூருக்கு வெள்ளம் எத்தனை மணி நேரத்தில் வரும், எந்த அளவைத் தாண்டினால் எந்தத் தெரு முழுகும் என்று தேதி, மணி, சொன்னவர் பெயரோடு ஒரு செய்தியாளர் எழுதி, அடுத்த ஐப்பசிக்கு முன் வெளியிட வேண்டும். அதைத்தான் வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும்.